மூளை எடையை உடல் எடையோடு ஒப்பிடுவது எப்படி: கணக்கு இடறும் இடங்கள்

வயது வந்த மனிதரின் மூளை ஏறக்குறைய 1350 கிராம். உடல் எடை 65 கிலோ என்று வைத்து வகுத்தால் 2.1% வரும். சுண்டெலிக்கு உடல் 20 கிராம், மூளை 0.4 கிராம், அதுவும் 2% தான். ஆப்பிரிக்க யானையின் மூளை 4.6 கிலோ, மனித மூளையைப் போல மூன்று மடங்குக்கு மேல். ஆனால் 5000 கிலோ உடலுக்கு அது 0.1% கூட இல்லை. வெறும் எடையைப் பார்த்தால் யானை முந்துகிறது, சதவீதத்தைப் பார்த்தால் எலி நமக்குச் சமமாக நிற்கிறது.

இதைச் சரிசெய்யத்தான் ‘என்செஃபலைசேஷன் கோஷன்ட்’, சுருக்கமாக ஈ.கியூ., என்ற அளவு வந்தது: அந்த எடையுள்ள பாலூட்டிக்கு எதிர்பார்க்கும் மூளையைப் போல எத்தனை மடங்கு இருக்கிறது என்பது. மனிதனுக்கு அது 7 என்று பாடநூல்கள் சொல்கின்றன. அந்த 7 தராசில் படித்த எண் அல்ல. ஐந்தாறு இடங்களில் யாரோ எடுத்த முடிவுகளின் விளைவு அது. ஒவ்வொரு முடிவையும் நீங்களே எடுத்து, எது எவ்வளவு ஆட்டுகிறது என்று கணக்குப் போட்டுப் பார்ப்பதற்கான வழி இது. தேவையானவை: விலங்குக்கு இரண்டு எடைகள், அடுக்குப் பொத்தான் உள்ள கால்குலேட்டர் அல்லது எக்செல்.

படி 1: மூளை எடை எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்

பட்டியலில் ‘மூளை’ என்ற தலைப்பின் கீழ் உள்ள எண் மூன்று விதமாக வந்திருக்கலாம்: புதிதாக எடுத்த மூளையைத் தராசில் வைத்தது, ஃபார்மலினில் ஊறிய மூளையை நிறுத்தது, மண்டையோட்டின் உட்குழியை அளந்தது. மூன்றையும் ஒரே நிரலில் கலப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு.

புதிய மூளையை எடுக்கும்போது எங்கே வெட்டினார்கள் என்பது முக்கியம். மண்டையோட்டின் அடியில் தண்டுவடம் வெளியேறும் பெருந்துளை இருக்கிறது. அதன் மட்டத்தில் வெட்டுவது வழக்கம். வெளிச்சவ்வைக் கழற்றினார்களா, உள்ளறைகளில் இருந்த திரவத்தை வடித்தார்களா என்பதையும் குறித்திருக்க வேண்டும். சின்னப் பாலூட்டிகளில் இன்னொரு சிக்கல்: மூளையைத் தூக்கும்போது முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மோப்பக் குமிழ்கள் அறுந்து மண்டையோட்டுக்குள்ளேயே தங்கிவிடும். மனிதனில் அது கணக்கில் வராத அளவு. மோப்பத்தை நம்பி வாழும் எலியில் கவனிக்க வேண்டிய இழப்பு. ஃபார்மலினில் போட்ட மூளை முதல் நாள்களில் திரவத்தை உறிஞ்சி எடை கூடும், பிறகு மெல்லக் குறையும். ஆகவே எத்தனை நாள் ஊறியது என்று தெரியாத எடையைப் புதிய எடையோடு சேர்க்காதீர்கள். இறந்த காரணத்தால் மூளை வீங்கியிருந்தாலும் எடை ஏறும்.

மண்டையோடு மட்டும் கிடைத்தால், துளைகளைப் பஞ்சால் அடைத்து, சீரான சிறு கண்ணாடி மணிகளால் நிரப்பி, அளவு உருளையில் கொட்டிப் படிக்க வேண்டும். எத்தனை முறை தட்டிக் குலுக்குகிறீர்கள் என்பது எல்லா மண்டையோட்டுக்கும் ஒரே மாதிரி இருக்கட்டும். குலுக்கினால் மணிகள் இறுகி, இன்னும் கொஞ்சம் உள்ளே போகும். மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். ஃபிலடெல்ஃபியாவில் சாமுவேல் மார்ட்டன் என்ற மருத்துவர் 1830களில் விதைகளை நிரப்பித்தான் மண்டையோடுகளை அளந்தார். விதை இலேசானது, அளவு ஒன்றுபோல் இராது, விரலால் அழுத்தினால் இன்னும் இறங்கும். அளவு நிலையாக வராததால் பின்னர் ஈயக் குண்டுகளுக்கு மாறினார். மனித இனங்களைத் தரம் பிரிக்க அந்த எண்கள் பயன்படுத்தப்பட்டன. விதை அளவுகளில் அளப்பவரின் மனச்சாய்வு புகுந்ததா என்று உயிரியலாளர் ஸ்டீஃபன் ஜே கூல்ட் 1978இல் எழுப்பிய கேள்விக்காக, 2011இல் வேறொரு குழு அதே மண்டையோடுகளை மறுபடி எடுத்து அளந்தது. விவாதம் அதோடும் முடியவில்லை. இன்று சி.டி. ஸ்கேன் எடுத்துக் கணினியில் உட்குழியை நிரப்புகிறார்கள். மண்டையோடு சேதமாகாது, இன்னொருவர் அதே கோப்பை வைத்துச் சரிபார்க்கலாம்.

குழியின் கொள்ளளவு மூளையின் எடை அல்ல. மூளைத் திசுவின் அடர்த்தி மில்லிக்கு 1.036 கிராம். ஆனால் குழிக்குள் சவ்வு, திரவம், இரத்தக் குழாய்கள் எல்லாம் இடம் பிடிக்கின்றன. இள வயது மனிதரில் மூளை ஏறத்தாழ 90% இடத்தை நிரப்புகிறது. 1450 மி.லி. குழிக்கு:

1450 × 0.9 × 1.036 = 1352 கிராம்.

90% என்ற பெருக்கலை விட்டுவிட்டால் 1502 கிராம் வரும். நியண்டர்தால் என்ற அழிந்துபோன மனித இனத்துக்குக் குழியின் கொள்ளளவையும் நமக்குத் தராசு எடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, ‘அவர்களுக்கு மூளை பெரிது’ என்று எழுதுவது இப்படியும் நேர்கிறது. பறவைகளில் மூளை குழியை நெருக்கி நிரப்பும். யானையிலும் திமிங்கலத்திலும் இடைவெளி அதிகம். எல்லா விலங்குக்கும் ஒரே 90% போட முடியாது.

படி 2: எந்த உடல் எடை?

மூளை எடையைப் பற்றிப் பக்கம் பக்கமாக விவாதிப்பவர்கள்கூட உடல் எடையை ஏதோ ஒரு பட்டியலிலிருந்து எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். உண்மையில் பெரிய ஆட்டம் இங்கேதான். வளர்ந்துவிட்ட ஒரு விலங்கின் மூளை அதன்பின் அவ்வளவாக மாறாது. உடல் எடையோ பஞ்சத்தில் இளைக்கும், கூண்டில் பெருக்கும், கரடியானால் குளிர்கால உறக்கத்துக்கு முன் ஒன்று, பின் ஒன்று.

மனிதனையே எடுங்கள். 2005ஆம் ஆண்டுத் தரவுகளின்படி வயது வந்தோரின் சராசரி எடை ஆசியாவில் 57.7 கிலோ, வட அமெரிக்காவில் 80.7 கிலோ. மூளை 1350 கிராம் என்று மாற்றாமல் வைத்து அடுத்த படியில் வரும் சூத்திரத்தில் போட்டால், ஆசிய எடைக்கு ஈ.கியூ. 7.5, வட அமெரிக்க எடைக்கு 6.0. மூளையில் ஒரு கிராம்கூட மாறவில்லை. கூடிய எடையில் பெரும்பங்கு கொழுப்பு, கொழுப்பை இயக்க மூளைக்குத் தனி வேலை எதுவும் இல்லை.

‘அப்படியானால் கொழுப்பைக் கழித்துவிடலாமே’ என்று தோன்றும். 65 கிலோவில் 20% கழித்தால் 52 கிலோ, ஈ.கியூ. 8.1 ஆகிறது. ஆனால் சிம்பன்சிக்கும் திமிங்கலத்துக்கும் அதே போலக் கழிக்க வேண்டும். பெரும்பாலான விலங்குகளுக்குக் கொழுப்பின் அளவு யாரும் எடுத்ததில்லை. மனிதனுக்கு மட்டும் கழித்துவிட்டு மற்றவற்றை அப்படியே விடுவது நமக்கு நாமே மதிப்பெண் போட்டுக்கொள்வது.

ஆண், பெண் வேறுபாடும் இதே போலத்தான். கொரில்லா ஆண் 160 கிலோ, மூளை 500 கிராம் என்று வைத்தால் 1.4. பெண் 80 கிலோ, 455 கிராம் என்றால் 2.0. இரண்டையும் சராசரியாக்கி ‘கொரில்லா’ என்று ஒரே எண் எழுதினால், அது எந்தக் கொரில்லாவுக்கும் பொருந்தாது. தனித்தனி வரிசையில் எழுதுங்கள்.

பழைய பட்டியல்களை எடுக்கும்போது எத்தனை விலங்குகளை அளந்தார்கள் என்ற நிரலைத் தேடுங்கள். இன்றும் கையாளப்படும் கிரைல், குயிரிங் இருவரின் 1940ஆம் ஆண்டுத் தொகுப்பில் 3690 விலங்குகளின் உறுப்பு எடைகள் இருக்கின்றன. மிகப் பெரிய உழைப்பு. ஆனால் சில இனங்களுக்கு ஒரே ஒரு விலங்குதான். இன்னும் மோசமான பட்டியல்களில் மூளை ஒரு விலங்கிலிருந்தும் உடல் எடை வேறொரு விலங்கிலிருந்தும் வந்திருக்கும். ஒரே உடலிலிருந்து இரண்டு எடையும் எடுத்த வரிசைகளை மட்டும் தனி நிறத்தில் குறித்து வைத்தால், முடிவு எதை நம்பி நிற்கிறது என்று பிறகு தெரியும்.

படி 3: கணக்கு

பெரிய விலங்குக்கு உடலை ஒப்பிட மூளை சிறிது என்பதை 18ஆம் நூற்றாண்டிலேயே ஆல்பிரெக்ட் ஃபான் ஹாலர் கவனித்தார். உடல் 8 மடங்கானால் மூளை 8 மடங்காவதில்லை, ஏறக்குறைய 4 மடங்கு. எனவே விகிதத்தைப் பார்க்காமல், ‘இந்த எடையுள்ள பாலூட்டிக்கு எவ்வளவு மூளை எதிர்பார்க்கலாம், இதற்கு அதைப் போல எத்தனை மடங்கு இருக்கிறது’ என்று கேட்க வேண்டும். ஹாரி ஜெரிசன் 1973இல் பரவலாக்கிய சூத்திரம்:

எதிர்பார்க்கும் மூளை = 0.12 × (உடல் எடை)^(2/3)

இரண்டு எடையும் கிராமில். மனிதனுக்குப் படிப்படியாக: 65 கிலோ என்பது 65,000 கிராம். அதன் கனமூலம் 40.2. அதை வர்க்கமாக்கினால் 1617. 0.12ஆல் பெருக்கினால் 194 கிராம். உண்மையில் இருப்பது 1350. 1350 ÷ 194 = 6.96. இதுதான் அந்த 7.

0.12 என்ற எண் கிராமுக்கு மட்டுமே பொருந்தும். உடலைக் கிலோவில் போட்டு மூளையைக் கிராமில் விட்டால் 696 வரும், தவறென்று உடனே தெரிந்துவிடும். இரண்டையும் கிலோவில் போட்டால் 0.7 வரும். இது ஆபத்தானது, ஏனென்றால் நம்பும்படி இருக்கிறது. கணக்கு சரியா என்று பார்க்கப் பூனையை வைத்துக்கொள்ளுங்கள்: 4 கிலோ பூனைக்கு எதிர்பார்ப்பு 30 கிராம், உண்மை எடையும் அதற்குப் பக்கத்தில். பூனைக்கு 1ஐ ஒட்டி வரவில்லை என்றால் அலகு எங்கோ பிசகியிருக்கிறது.

படி 4: கோட்டை மாற்றிப் பாருங்கள்

2/3 என்ற அடுக்கு எங்கிருந்து வந்தது? உடல் பெரிதாகும்போது பரப்பு கன அளவின் 2/3 அடுக்காக வளர்கிறது. தோலையும் தசையையும் ஆளும் மூளையும் பரப்போடு வளரும் என்ற கருத்து. 1981இல் ராபர்ட் மார்ட்டின் நூற்றுக்கணக்கான பாலூட்டி இனங்களின் மடக்கை எண்களுக்கு நேர்கோடு பொருத்தியபோது அடுக்கு 0.76 என்று வந்தது (மடக்கையில் வரைந்தால் சூத்திரம் நேர்கோடாகும், அடுக்கு அதன் சாய்வு). கிராமில் எழுதினால்:

எதிர்பார்க்கும் மூளை = 0.0589 × (உடல் எடை)^0.76

இரண்டு கோட்டிலும் ஒரே விலங்குகளைப் போட்டுப் பாருங்கள். முதல் எண் ஜெரிசன் கோடு, இரண்டாவது மார்ட்டின் கோடு.

மனிதன் (65 கிலோ, 1350 கிராம்): 7.0, 5.0
பாட்டில்மூக்கு டால்ஃபின் (170 கிலோ, 1600 கிராம்): 4.3, 2.9
கபுச்சின் குரங்கு (3 கிலோ, 70 கிராம்): 2.8, 2.7
சிம்பன்சி (45 கிலோ, 390 கிராம்): 2.6, 1.9
ஆப்பிரிக்க யானை (5000 கிலோ, 4600 கிராம்): 1.3, 0.6
சுண்டெலி (20 கிராம், 0.4 கிராம்): 0.45, 0.7

கடைசி இரண்டு வரிசைகளில் சற்று நில்லுங்கள். முதல் கோட்டில் யானை எலியைவிட மூன்று மடங்கு மேலே. இரண்டாவது கோட்டில் யானை எலிக்குக் கீழே போய்விட்டது. அடுக்கில் 0.09 வித்தியாசம்தான், ஆனால் எடை 20 கிராமிலிருந்து 50 லட்சம் கிராம் வரை விரியும்போது அது தரவரிசையையே புரட்டுகிறது. மனிதன் இரண்டிலும் முதலிடம். அந்த முடிவு உறுதியானது. ‘7 மடங்கு’ என்பது உறுதியானதல்ல.

ஒரே நேர்கோடு எல்லாப் பாலூட்டிக்கும் பொருந்தும் என்பதும் இப்போது கேள்விக்குரியது. 2024இல் வெளிவந்த வெண்டிட்டி, பேக்கர், பார்ட்டன் மூவரின் ஆய்வு, மடக்கைத் தாளில்கூட அந்தக் கோடு வளைகிறது, மிகப் பெரிய விலங்குகளில் மூளையின் வளர்ச்சி தளர்கிறது என்று காட்டியது. வளையும் கோட்டின் மேல் நேர்கோட்டை வைத்தால் யானையும் திமிங்கலமும் செய்யாத குற்றத்துக்கு மதிப்பெண் இழக்கும்.

நீங்களே கோடு பொருத்துவதானால் இன்னொரு கவனம். பட்டியலில் 40 வௌவால் இனங்கள் இருந்தால் அவை 40 தனிச் சான்றுகள் அல்ல. ஒரே மூதாதையிடமிருந்து பெற்ற உடலமைப்பு 40 முறை எண்ணப்படுகிறது. பரிணாம மரத்தைக் கணக்கில் எடுத்துக் கோடு பொருத்தும் முறைகள் இதற்காகவே உள்ளன. சாதாரண எக்செல் கோடு மாதிரிக்குப் போதும், முடிவு சொல்லப் போதாது.

படி 5: கோட்டைத் தன் எல்லைக்கு வெளியே இழுக்காதீர்கள்

பிறந்த குழந்தை 3.3 கிலோ, மூளை ஏறக்குறைய 370 கிராம். சூத்திரத்தில் போட்டால் 13.9, வயது வந்தவரைப் போல இரண்டு மடங்கு. கணக்கில் பிழை இல்லை. வளர்ந்த இனங்களுக்கு இடையே வரைந்த கோட்டை ஓர் இனத்துக்குள் வளரும் உடலுக்குப் போட்டதுதான் பிழை. மூளை முந்தி வளர்கிறது, உடல் பிந்தி வளர்கிறது.

பாலூட்டிகள் முழுவதற்கும் 0.67 முதல் 0.76 வரை வரும் அடுக்கு, நெருங்கிய இனங்களுக்குள் குறையும். ஒரே இனத்துக்குள் 0.2, 0.3 என்று இறங்கிவிடும். நாய்களில் கண்ணால் பார்க்கலாம்: கிரேட் டேன் சிவாவாவைப் போல 30 மடங்கு எடை இருந்தாலும் மூளை இரண்டு மடங்கை ஒட்டித்தான். ஈ.கியூ. போட்டால் சிவாவா மேதையாகிவிடும்.

இதே காரணத்தால் மனிதருக்குள் ஒருவரோடு ஒருவரை ஈ.கியூ. வைத்து ஒப்பிடவே கூடாது. ஆண்களின் சராசரி மூளை பெண்களுடையதைவிடச் சுமார் 10% எடை கூடுதல். உயரத்துக்குத் திருத்துவதா, எடைக்கா, எந்த அடுக்கில் என்பதைப் பொறுத்து அந்த வித்தியாசம் சுருங்கும், விரியும். யாருக்கு எந்த முடிவு வேண்டுமோ அதற்கேற்ற திருத்தம் கிடைக்கும் என்பதே இந்தத் துறையின் வேதனையான வரலாறு. மூளையின் பருமனுக்கும் அறிவுத்திறன் தேர்வு மதிப்பெண்ணுக்கும் உள்ள தொடர்பு, 2015இல் வந்த தொகுப்பாய்வின்படி 0.24 (முழுத் தொடர்பு என்றால் 1). வர்க்கமாக்கினால் மதிப்பெண் வேறுபாட்டில் 6% மட்டுமே. எழுத்தாளர் துர்கனேவின் மூளை 2012 கிராம், இன்னோர் எழுத்தாளர் அனதோல் ஃபிரான்ஸின் மூளை 1017 கிராம். 76 வயதில் இறந்த ஐன்ஸ்டீனுடையது 1230 கிராம்.

படி 6: புதைபடிவம் என்றால் இரண்டு பக்கமும் மதிப்பீடுதான்

இங்கே உடல் எடை என்பது எலும்பிலிருந்து ஊகித்தது. தொடையெலும்பின் தலை விட்டத்தை மி.மீ.யில் அளந்து எடையாக்கும் சூத்திரங்கள் உண்டு. மெக்ஹென்றி: 2.239 × விட்டம் − 39.9. கிரைன் குழு: 2.268 × விட்டம் − 36.5. விட்டம் 40 மி.மீ. என்றால் முதலாவது 49.7 கிலோ தரும், இரண்டாவது 54.2 கிலோ. ஒரே எலும்பு, 4.5 கிலோ வித்தியாசம்.

இந்தோனேசியாவின் ஃபுளோரஸ் தீவில் லியாங் புவா குகையில் 2003இல் கிடைத்த சிறு உருவ ஆதிமனித எலும்புக்கூடு நல்ல பாடம். மண்டைக் குழி முதலில் 380 மி.லி. என்று அளக்கப்பட்டது, பிறகு 417, பிறகு ஸ்கேன் வழியே 426. எடை மதிப்பீடோ 16 முதல் 36 கிலோ வரை. 380ஐயும் 36 கிலோவையும் சேர்த்தால் (குழியில் 90% மூளை என்று வைத்து) ஈ.கியூ. 2.7, சிம்பன்சிக்குப் பக்கத்தில். 426ஐயும் 16 கிலோவையும் சேர்த்தால் 5.2, ஏறக்குறைய இரண்டு மடங்கு. இதில் குழி அளவு கூடியது 12% மட்டுமே; மீதி முழுவதும் உடல் எடையிலிருந்து வந்தது. புதைபடிவத்துக்கு ஒற்றை எண் எழுதாதீர்கள், கீழெல்லையும் மேலெல்லையும் எழுதுங்கள்.

படி 7: அறிவைப் பற்றிப் பேசுவதானால் அளவையே மாற்றுங்கள்

மேலே உள்ள பட்டியலில் கபுச்சின் குரங்கு இரண்டு கோட்டிலும் சிம்பன்சிக்கு மேலே நிற்கிறது. சோதனைகளில் அப்படி நடப்பதில்லை. 2007இல் டீனர் குழு குரங்கினங்களின் சோதனை முடிவுகளைத் தொகுத்தபோது, திறனை நன்றாகக் கணித்தது ஈ.கியூ. அல்ல, மூளையின் மொத்த அளவு. 2014இல் 36 இனங்களின் தற்கட்டுப்பாட்டைச் சோதித்த ஆய்விலும் மொத்த அளவே முன்னால் வந்தது.

எடைக்குள் எத்தனை நியூரான்கள் (நரம்பணுக்கள்) என்பது அடுத்த கேள்வி. சுசானா ஹெர்குலானோ-ஹூசெல் குழு மூளைத் திசுவைக் கரைத்துச் சீரான திரவமாக்கி, மிதக்கும் செல் உட்கருக்களை எண்ணும் முறையை 2005இல் வெளியிட்டது. கேபிபாரா என்ற பெரிய கொறிணியின் மூளையும் ரீசஸ் குரங்கின் மூளையும் எடையில் அருகருகே, 80 கிராமை ஒட்டி. நியூரான்கள் முன்னதில் சுமார் 160 கோடி, பின்னதில் சுமார் 640 கோடி. மனித மூளையில் 8600 கோடி, அதில் பெருமூளைப் புறணியில் (பெருமூளையின் மேலுறையில்) 1600 கோடி. ஆப்பிரிக்க யானைக்கு 25,700 கோடி, நம்மைப் போல மூன்று மடங்கு. ஆனால் அதில் 98% சிறுமூளையில். புறணியில் 560 கோடி மட்டுமே. இந்த அளவில் யானையும் மனிதனும் ஏன் வேறுபடுகிறார்கள் என்று பேச ஓர் ஆதாரம் கிடைக்கிறது. 7, 1.3 என்ற எண்கள் அதைத் தருவதில்லை.

அதே குழுவின் இன்னொரு வாதம் ஈ.கியூ.வின் வகுக்கும் பக்கத்தைத் தொடுகிறது: 8600 கோடி என்பது அந்த எடையுள்ள குரங்கின மூளைக்கு எதிர்பார்க்கக்கூடியதே, நம் மூளை விதிவிலக்கு அல்ல, கொரில்லாவின் உடல்தான் மூளைக்கு மிஞ்சிப் பெருத்தது. விகிதம் கூடினால் மேல் எண் வளர்ந்ததா, கீழ் எண் சுருங்கியதா என்பதை விகிதமே சொல்லாது. மூதாதையரின் எடையைத் தனியாகத் தேடிப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

முடிவை எழுதும் விதம்

‘மனித ஈ.கியூ. 7’ என்று விடாமல் இப்படி எழுதுங்கள்: ‘புதிய மூளை 1350 கிராம், உடல் எடை 57.7 முதல் 80.7 கிலோ, ஜெரிசன் கோட்டில் (0.12, 2/3) 6.0 முதல் 7.5, 65 கிலோவுக்கு மார்ட்டின் கோட்டில் (0.0589, 0.76) 5.0.’ எக்செல் தாளில் ஒவ்வோர் இனத்துக்கும் இந்த நிரல்கள் இருக்கட்டும்: மூளை எடை, அளந்த முறை, உடல் எடை, காட்டு விலங்கா கூண்டு விலங்கா, ஆணா பெண்ணா, வயது, எத்தனை விலங்குகள், இரண்டு எடையும் ஒரே உடலிலிருந்தா. கடைசி நிரலில் ‘இல்லை’ என்று வரும் வரிசைகளை நீக்கி ஒருமுறை, வைத்து ஒருமுறை கணக்கை ஓட்டி, இரண்டு விடைகளையும் வெளியிடுங்கள்.